ஒரே கூரைக்குள் இரண்டு அடை

ஜவ்வாது மலையின் நெல்லிவாசல் நாட்டில் எனக்கென்று ஒரு பெயர் கிடையாது. என் மனைவி செந்தாமரை இங்கே கிராம சுகாதார செவிலியர். நான் 'நர்சம்மா வூட்டுக்காரரு'. ஒருமுறை எனக்கு வந்த பார்சலைக் கொண்டுவந்த ஜீப்காரர் கடைத்தெருவில் தசரதன் வீடு எது என்று விசாரித்திருக்கிறார். அப்படி யாரும் இந்தப் பக்கத்திலேயே இல்லை என்று நாலு பேர் சேர்ந்து உறுதியாகச் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த நாலு பேரில் நானும் ஒருவன் என்று செந்தாமரை கதை கட்டிவிட்டிருக்கிறாள். அது பொய். நான் அப்போது வீட்டில் மீனுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

மீன் என்றால் குழம்பு மீன் இல்லை, வண்ண மீன். மலைக்கு வருவதற்கு முன்பு சென்னை கொளத்தூரில் அதுதான் என் பிழைப்பு. ரங்கசாமி அண்ணனும் நானும் கூட்டாக ஒரு மொட்டை மாடியை வாடகைக்குப் பிடித்து, நடக்க இடம் இல்லாமல் தொட்டிகளால் நிரப்பி, ஃபைட்டர் மீன் வளர்த்தோம். மாடிக்குக் கீழே ஒரு அறையும் ஒரு சமையற்கட்டும். அதில்தான் கல்யாணமான புதிதில் நானும் செந்தாமரையும் இருந்தோம். மேலே தொட்டி ததும்பினால் கீழே எங்கள் வீடு ஒழுகும். மழையே இல்லாமல் வீடு ஒழுகுவது உலகத்தில் தனக்கு மட்டும்தான் என்று அவள் பக்கத்து வீடுகளில் சொல்லிக்கொண்டிருப்பாள். பெருமையாகச் சொன்னாளா, புகாராகச் சொன்னாளா என்று அப்போது நான் யோசிக்கவில்லை. புகார் என்றே எடுத்துக்கொண்டேன். எனக்கு அதுதான் பழக்கம்.

குஞ்சு மீனுக்குத் தீனி போடுவதுதான் இந்தத் தொழிலில் பாதி. முட்டையிலிருந்து வந்த ஃபைட்டர் குஞ்சு கண்ணிமை முடியை நறுக்கிப் போட்ட மாதிரி இருக்கும். ஆனால் வீம்புக்குக் குறைச்சல் இல்லை. அசையாத எதையும் தின்னாது. அவித்த மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றினால் ஏறெடுத்தும் பார்க்காமல் பட்டினி கிடந்து சாகும். கண்ணுக்கு முன்னால் ஏதாவது துள்ள வேண்டும். அதற்குத்தான் ஆர்ட்டீமியா. உப்பு ஏரிகளில் வாழ்கிற பொடி இறால். அதன் முட்டை டப்பாவில் வரும், பார்ப்பதற்குக் காபித்தூள் போலவே. ஊரிலிருந்து வந்த என் மச்சான் ஒருவன் அதைப் பாலில் கலக்கிக் குடித்துவிட்டு, மெட்ராஸில் காபி சரியில்லை என்று திரும்பிப் போய்ச் சொன்னான்.

அந்த முட்டை வருஷக்கணக்கில் அப்படியே தூங்கும். கல்லுப்பு கரைத்த தண்ணீரில் போட்டு, அடியிலிருந்து காற்றுக் குமிழி விட்டு, வெளிச்சத்தில் வைத்தால் ஒரு நாளில் ஆரஞ்சுப் புள்ளிகளாகப் பொரிந்து துள்ளும். ஒரே நிபந்தனை சூடு. தண்ணீர் குளிர்ந்திருந்தால் எழுந்திருக்காது.

கொளத்தூரில் இதற்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். அந்த ஒரு தகுதி என்னிடம் ஏராளமாக இருந்தது. சாயங்காலம் பாட்டிலில் முட்டையைப் போட்டுவிட்டுப் படுத்தால், சென்னையின் வெயில் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் கசிந்து வந்து ராத்திரி முழுக்க அடைகாத்துவிடும். காலையில் காற்றை நிறுத்திவிட்டு பாட்டிலின் அடியில் டார்ச் அடிப்பேன். வெளிச்சத்தைத் தேடி ஒரு ஆரஞ்சு மேகம் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். செந்தாமரை குளித்த ஈரத் தலையோடு வேட்டித் துணியை விரித்துப் பிடிப்பாள். நான் குழாய் வழியாக மேகத்தை அதில் இறக்குவேன். அவள் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், உன் கை ஏன் எப்போதும் கருவாடு நாறுகிறது என்று கேட்டதாக வந்து சொல்வாள். ரங்கசாமி அண்ணன் தொட்டிக்குப் பின்னாலிருந்து, "கருவாடு இல்ல தாமரை, மெரினா பீச்சு வாசனைன்னு சொல்லு" என்பார்.

இப்போது நினைத்தால் அந்த மாடியில் நாங்கள் சம்பாதித்தது ஒன்றும் இல்லை. வியர்வைதான். ஆனால் அப்படி வியர்க்கிற ஓர் இடம் இன்றைக்கு எங்காவது இருந்தால், டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று தோன்றுகிறது.

அந்தக் கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். ரங்கசாமி அண்ணன் செங்கத்தில் மகள் வீட்டுக்குப் போனார். செந்தாமரைக்கு மலையில் வேலை கிடைக்க, நான் அவளுடைய பெட்டிகளோடு ஒரு பெட்டியாக ஏறி வந்தேன்.

வரும்போது ஒரு வாளியில் அண்ணனுடைய மீனும் வந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஜோடி சேர்த்துச் சேர்த்துப் பார்த்து அவர் உருவாக்கிய ஜாதி அது. உடம்பு முழுக்கக் கருநீலம். துடுப்பு, வால் எல்லாவற்றின் ஓரத்திலும் பென்சிலால் இழுத்த மாதிரி வெள்ளை. நாங்கள் அதற்குக் 'கரைவேட்டி' என்று பெயர் வைத்திருந்தோம். வாங்க வருபவர்கள் கரை என்ன நிறம் என்று கட்சிக் கண்ணோடு விசாரிப்பார்கள். வெள்ளை என்றதும் சமாதானமாகிவிடுவார்கள். மருமகன் வீட்டில் தொட்டி வைக்க இடம் கேட்க அண்ணனுக்குக் கூச்சம். "நீ வெச்சிக்கோடா. உன்கிட்ட இருந்தா என்கிட்ட இருக்குற மாரிதான்" என்று சொல்லித்தான் வாளியைத் தூக்கிக் கொடுத்தார்.

போன வருஷம் வரைக்கும் அந்த ஜாதி தட்டுத் தடுமாறி வந்தது. கடைசியில் ஒரு கிழட்டு ஆணும் ஒரு பெண்ணும் மிஞ்சின. இந்த மார்கழியில் அவை முட்டையிட்டன. பெண் அதோடு செத்துப்போனது. ஆண் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும் வரை காவல் இருந்துவிட்டு, அதுவும் ஒரு மூலையில் சாய்ந்துவிட்டது. ஆக, ஒரு தட்டையான பேசினில் நீந்திக்கொண்டிருந்த அந்தக் குஞ்சுகளை விட்டால் கரைவேட்டி உலகத்தில் எங்கேயும் கிடையாது. பொங்கலுக்கு அண்ணன் பஸ் ஏறி வந்து பார்ப்பதாக இருந்தார். சர்க்கரை வியாதியில் ஒரு கண் போய்விட்டது. இன்னொன்று இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்றார். சாயங்காலமானால் சிக்னல் கிடைக்கும் பாறையில் ஏறி நின்று அவரோடு பேசுவேன். "கரை வுட்டிச்சா?" என்பார். பிறந்து நாலு நாள் ஆன குஞ்சுக்குக் கரை தெரியாது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் கேட்பார்.

குஞ்சுகள் தீனிக்கு வாய் திறந்த அதே நாளில் காற்றடித்து, மரம் சாய்ந்து, மலைப் பாதையில் கரண்டு கம்பிகள் அறுந்து விழுந்தன. லைன்மேன் பாவம், கீழேயிருந்து மேலே வரைக்கும் சாய்ந்து கிடந்த கம்பங்களைக் காட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டு, பொங்கலுக்குள் வந்துவிடும் சார் என்றார். அவருக்கே நம்பிக்கை இல்லாததைப் பார்த்து நான்தான் அவரைத் தேற்றி அனுப்ப வேண்டியிருந்தது.

கரண்டு இல்லை என்றால் ஹீட்டர் இல்லை. ஹீட்டர் இல்லை என்றால் தொட்டித் தண்ணீரில் சூடு இல்லை. ஜவ்வாது மலை மார்கழியில் நீர் குடிக்கும்போதே பல் கூசும். இருந்த ஒரே தெர்மோகோல் பெட்டியில் குஞ்சுகளின் பேசினை வைத்து, இரண்டு பக்கமும் வெந்நீர் பாட்டில்களை மாற்றி மாற்றி அடுக்கி அவற்றை எப்படியோ காப்பாற்றினேன். காற்றுக்கு டார்ச் செல்லில் ஓடும் ஒரு குட்டி மோட்டார் இருந்தது. ஆர்ட்டீமியா பாட்டிலுக்குத்தான் இடம் இல்லை.

முதல் முறை பாட்டிலைக் கம்பளியில் சுற்றிப் படுக்கையில் எனக்கும் செந்தாமரைக்கும் நடுவில் வைத்தேன். மனித உடம்பின் சூடு போதாதா என்பது என் கணக்கு. நடுவில் பாட்டில் சாய்ந்தது. உப்புத் தண்ணீரில் நனைந்து எழுந்த செந்தாமரை, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் சொல்லாமல் சேர்த்து வைத்திருந்த சிலவற்றை அன்றைக்குச் சொல்லி முடித்தாள். இரண்டாவது முறை, பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்தினேன். ஆறுகிறதே ஆறுகிறதே என்று பதறிப் பதறி ஊற்றியதில் சூடு எல்லை தாண்டிவிட்டது. முட்டை எல்லாம் வெந்துபோனது. இறால் குழம்பு வைத்த ஒருவன் அதைத் தின்னக்கூட முடியாமல் போனது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு ஸ்பூன் இருந்தது. புது டப்பா சென்னையிலிருந்து புறப்பட்டு, ஜீப் ஏறி, தசரதன் என்று ஒருவன் இருக்கிறான் என்று நிரூபணமாகி என் கைக்கு வருவதற்குள் குஞ்சுகள் பட்டினியில் போய்ச் சேர்ந்துவிடும்.

அன்றைக்குப் பகலில் செந்தாமரை வீடு வீடாகப் போய்விட்டு வந்து முகத்தைத் துடைத்தாள். மலையில் மார்கழியில் ஒருத்தி வியர்த்துக்கொண்டு வருகிறாளே என்று பார்த்தேன்.

"செல்லி வூட்டுல காவியாவப் பாக்கப் போயிருந்தேன். அந்த ரூமுக்குள்ள போனதும் எனக்குக் கொளத்தூர் ஞாபகம் வந்துடிச்சிங்க" என்றாள்.

செல்லியும் அவள் புருஷன் குப்பனும் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி. சாமை விதைக்கிறார்கள், புளி எடுக்கிறார்கள். மகள் காவியா பிரசவத்துக்கு வந்து, குழந்தை பிறந்து, இன்னும் அறையை விட்டு வெளியே வரவில்லை. குழந்தை கொஞ்சம் எடை குறைவு. அதனால் தாயின் நெஞ்சோடு ஒட்டிப் போட்டு வைத்திருக்கச் சொல்லியிருந்தாள் செந்தாமரை. அறைக்குள் கணப்புச் சட்டி வைத்துப் புகை போட்டிருந்ததைப் பெரிய சண்டை போட்டு வெளியேற்றியதும் அவள்தான். பதிலுக்குச் செல்லி அடுப்பை ராப்பகலாக அணையாமல் வைத்தாள். அடுப்புச் சுவரும் பிரசவ அறைச் சுவரும் ஒன்று. மண் சுவர். ஏறிய சூடு சீக்கிரம் இறங்காது. கை வைத்துப் பார்த்தால் லேசாகக் காய்ச்சல் அடிக்கிற நெற்றி மாதிரி இருக்கும் என்றாள்.

எனக்கு வேண்டியது அந்த நெற்றிதான்.

செந்தாமரை என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். பாட்டிலைக் கொண்டுபோங்கள், ஆனால் மருந்துத் தண்ணீர், கொஞ்சம் சூட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றாள். வாயை மூடிக்கொண்டு என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

கடைசி ஸ்பூனை உப்புத் தண்ணீரில் போட்டு, பாட்டிலையும் மோட்டாரையும் எடுத்துக்கொண்டு போனேன். குப்பன் வாசலில் புளியங்கொட்டையைப் பொறுக்கித் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார். செல்லி பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, இது என்ன என்று கேட்டாள். கேட்டவள் அறிவுத் தாகத்தோடு கேட்ட மாதிரி எனக்குப் பட்டது. இத்தனை வருஷத்தில் இந்த மலையில் என் தொழிலைப் பற்றி என்னிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் என்ன செய்வேன்? ஆதியோடு அந்தமாகச் சொன்னேன். இவை முட்டைகள், உயிர் உள்ளே தூங்குகிறது, சூடு பட்டால் நாளைக்குப் பொரிந்து ஆயிரம் ஆயிரமாக வரும் என்றெல்லாம் கை காலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் பார்த்தால், செல்லி பாட்டிலை என் கையில் திருப்பி வைத்துவிட்டிருந்தாள்.

"அடைக்கு வெக்கிறதா இது? ஒரே கூரைக்குள்ள ரெண்டு அடை ஆவாதுங்ணா. ஒண்ணோட சூட்ட இன்னொண்ணு புடுங்கிக்கும்."

அது அந்த வீட்டு வழக்கம். காவியா வலி எடுத்து உட்கார்ந்த அன்றைக்கே, அடையில் இருந்த கோழியைச் செல்லி கூடையோடு தூக்கி மச்சினன் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். சினை ஆடும் அங்கேதான் கட்டியிருக்கிறது. குழந்தைதான் பிறந்துவிட்டதே என்று இழுத்தேன். பிறந்தால் என்ன, காவியா தலைக்கு ஊற்றி வெளியே வருகிற வரைக்கும் அவள் அடையில் இருப்பதாகத்தான் கணக்காம். அதிலும் குழந்தை சின்னதாக இருக்கிறது, அதற்கு இருக்கிற சூடே போதுமோ போதாதோ. "என் கோழியவே வெளிய அனுப்பிட்டேன். உங்க முட்டைய உள்ள வுடுவனா?" என்றாள்.

ஒரு பக்கம் எடை குறைந்த பிள்ளை. இன்னொரு பக்கம் ஒரு ஸ்பூன் இறால் முட்டை. வாதாடுகிறவன் மனுஷனே இல்லை. ஆனால் என் கால் அங்கிருந்து நகரவில்லை. கையில் பாட்டிலோடு, ஸ்கூலில் வெளியே நிற்க வைக்கப்பட்ட பையன் மாதிரி நின்றேன். போய் அண்ணனிடம் பாறை மேல் ஏறி என்ன சொல்வது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எந்த வாக்கியமும் முடியவில்லை.

செல்லி உள்ளே போய்விட்டாள். போனவள் மறுபடி எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் நின்னுனு இருக்கீங்களே. அது பொரிக்கலன்னா இன்னாதான் ஆவும்?"

ரங்கசாமி அண்ணனைப் பற்றிச் சொன்னேன். இந்த முறை கையை ஆட்டவில்லை. சுருக்கமாக வந்தது. ஒருத்தர் பன்னிரண்டு வருஷம் வளர்த்த ஜாதி, என்னை நம்பிக் கொடுத்தது, இதோடு முடிந்துவிடும், அவருக்கு ஒரு கண்தான் இருக்கிறது, பொங்கலுக்கு வருகிறார். அவ்வளவுதான்.

வழக்கத்தைத் தாண்டச் செல்லிக்கு வழியில்லை, என்னைத் துரத்தவும் மனசு வரவில்லை. அப்போது அதுவரை ஒரு வார்த்தை பேசாத குப்பன் புளியங்கொட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"கூரைதான கணக்கு?"

செல்லி அவரை முறைத்தாள். அவர் எழுந்து வீட்டின் பின்பக்கம் போனார். நான் பாட்டிலோடு பின்னாலேயே போனேன். மூலையில் இருந்த அடுப்பின் இன்னொரு சுவர் அங்கே வெளியே தெரிந்தது. கை வைத்தேன், அதே காய்ச்சல். ஆனால் மேலே புல் கூரை ஒரு முழத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. குப்பன் அண்ணாந்து பார்த்தார். பிறகு கையை நீட்டி, கூரை ஓரத்திலிருந்து புல்லைப் பிடி பிடியாக உருவத் தொடங்கினார்.

வேண்டாங்க, கூரையைப் போய் என்று தடுத்தேன். "புல்லுதான சார், காட்டுல கெடக்குது" என்று சொல்லிவிட்டு உருவிக்கொண்டே இருந்தார். தூசியும் பழைய புல்லும் எங்கள் தலையில் கொட்டின. கொஞ்ச நேரத்தில் ஓர் ஆள் தலை நுழைகிற அளவுக்கு வானம் தெரிந்தது. செல்லி வந்தாள். பாட்டில் வைக்கப் போகிற இடத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மேலே பார்த்தாள். வீட்டுக்கு வாஸ்து பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை கவனமாகப் பார்த்து நான் கண்டதில்லை.

"இந்தப் பக்கம் இன்னும் ஒரு புடி எடு" என்றாள் குப்பனிடம்.

எடுத்தார். இன்னொரு முறை குந்திப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினாள். அங்கே பாட்டிலைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, மூன்று பக்கமும் சாமை வைக்கோலைக் கட்டுக் கட்டாக அடுக்கினோம். மேலே திறந்த வெளி. பனி இறங்குமே என்று பயந்து வீட்டுக்கு ஓடி ஒரு குடையைக் கொண்டுவந்து விரித்தேன்.

"கொடையும் கூரைதாங்ணா" என்றாள் செல்லி.

மடக்கிவிட்டேன். பாட்டில் வாய்க்கு ஒரு துணியை மட்டும் கட்ட அனுமதி கிடைத்தது.

அன்றைக்கும் மறுநாளும் நான் எத்தனை முறை அந்தப் பின்பக்கம் போய் வந்தேன் என்பதைச் செந்தாமரை இன்றைக்கும் எல்லோரிடமும் கூட்டிச் சொல்கிறாள். காய்ச்சல் பார்க்கிற மாதிரி சுவரைத் தொடுவேன், தெர்மாமீட்டரைப் பார்ப்பேன், மோட்டாரின் இரைச்சலைக் கேட்பேன். கொளத்தூர் மாடியில் அப்படி முப்பது நாற்பது மோட்டார்கள் ஒன்றாக இரையும். வந்தவர்கள் கத்திப் பேச வேண்டியிருக்கும். நாங்கள் மூவரும் மட்டும் அதற்குள் சாதாரணமாகப் பேசிக்கொள்வோம். அந்த இரைச்சல் நின்றுபோன அன்றைக்கு அண்ணன் எங்களிடம் ஏதோ சொன்னார். பழக்கத்தில் கத்திச் சொன்னார். காலி மாடியில் அது அவ்வளவு பெரிதாகக் கேட்டது. என்ன சொன்னார் என்பது நினைவில் இல்லை.

செல்லி அடுப்பில் பெரிய வேர்க்கட்டை ஒன்றைத் தள்ளிவிட்டிருந்தாள். எனக்காக என்று சொல்லவில்லை. பிள்ளைக்கு வெந்நீர் வைக்க என்றாள். அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு வெந்நீர் வைத்தால் ஊரையே குளிப்பாட்டலாம்.

மறுநாள் பொழுது சாயும் முன் பாட்டில் நிறம் மாறியிருந்தது. காபித்தூளின் பழுப்பு ஓரங்களுக்கு ஒதுங்கி, நடுவில் ஒரு மங்கிய ஆரஞ்சு சுழன்றது. என் கண்ணை நான் நம்புவதில்லை. ஆள் அனுப்பிச் செந்தாமரையை வரவழைத்தேன். ஏதோ அவசரம் என்று மருந்துப் பையோடு ஓடி வந்தவள், பாட்டிலைப் பார்த்துவிட்டு, திட்டாமல் மோட்டாரை நிறுத்தினாள். நான் டார்ச்சை அடியில் பிடித்தேன். ஆரஞ்சு மேகம் மெல்ல இறங்கியது. யார் என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. அவள் புடவை முந்தானையை விரித்துப் பிடித்தாள், நான் குழாயை வைத்தேன். நல்ல தண்ணீரில் அலசி, வீட்டுக்குக் கொண்டுபோய், பேசினில் சொட்டுச் சொட்டாக விட்டோம்.

முதலில் குஞ்சுகள் சும்மா இருந்தன. பிறகு ஒன்று உடம்பை 'ட' போல வளைத்து, குறி பார்த்து, பாய்ந்தது. அடுத்து இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மாதிரி இருந்த அந்த உடம்புகளில், வயிறு இருக்கிற இடத்தில் ஆரஞ்சுப் பொட்டு தெரியத் தொடங்கியது. சிலது தின்னவில்லை; அவை போய்விடும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பெரும்பாலானவற்றுக்குப் பொட்டு இருந்தது.

செல்லி பார்க்க வந்தாள். நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்த செந்தாமரையையும், தெர்மோகோல் பெட்டியையும், அதைச் சுற்றி அடுக்கியிருந்த வெந்நீர் பாட்டில்களையும், குந்தி உட்கார்ந்திருந்த என்னையும் ஒரு சுற்று பார்த்தாள்.

"இது எல்லாம் எப்ப பொறந்ததுங்ணா?"

போன வாரமே என்றேன்.

"போன வாரமேவா? அப்ப இது அடை இல்லியே, குஞ்சுதான? குஞ்சுக்கு இன்னா தடை? இந்தக் குளிர்ல எதுக்கு இத இங்க போட்டு இப்டிப் பாடுபடுத்தினு இருக்கீங்க? காவியா ரூமுல கொண்டாந்து வெக்க வேண்டியதுதான?"

நான் செந்தாமரையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பொரியாத முட்டையைப் பற்றி அவ்வளவு பெரிய பிரசங்கம் செய்தவன், பிறந்து நீந்திக்கொண்டிருந்த குஞ்சுகளைப் பற்றி அந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாட்டில் பாட்டிலாக வெந்நீர் தூக்கி நான் அலைந்த அலைச்சல் எல்லாம் என் சொந்த முயற்சியால் உண்டானது. இதைச் செந்தாமரை வாயால் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விடுவது எனக்கு அதிகமாகக் கேட்கும்.

பேசினைச் செந்தாமரைதான் தூக்கிக்கொண்டு போனாள். வெளி ஆண்கள் அந்த அறைக்குள் போகக் கூடாது. நான் ஜன்னலுக்கு வெளியே நின்று, சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி வை, வெளிச்சம் நேராக விழ வேண்டாம் என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை. மேலே பார்த்தால் பின்பக்கக் கூரையில் குப்பன் உருவிய ஓட்டை வழியாகப் புகை நேராகப் போய்க்கொண்டிருந்தது. பொங்கலுக்குள் புல் அறுத்து வந்து நானே அதை மூடித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். குப்பன் அதைக் கேட்டுச் சிரித்தார். நான் புல் அறுப்பதை அவர் ஒருமுறை பார்த்திருக்கிறார்.

பாறைக்குப் போய் அண்ணனுக்கு போன் செய்ய வேண்டும். வயிற்றில் பொட்டு வந்துவிட்டது என்று சொன்னால் போதும், மீதி அவருக்கே தெரியும். கிளம்பலாம் என்று இரண்டு அடி எடுத்து வைத்தபோது ஜன்னலுக்குள்ளிருந்து காவியாவின் குரல் கேட்டது. இந்த ரூம் ரொம்பப் புழுங்குதே நர்சம்மா, உங்களுக்கு வேர்க்கலையா என்று கேட்டாள்.

"வேர்க்கட்டும்டி. எங்க வூட்டு மேல ஒரு மாடி இருந்துது, தெரியுமா? வெய்யில் காலத்துல தொட்டிக்கு நடுவுல பாய் போட்டுப் படுப்போம். சுத்தியும் தண்ணி, மோட்டாரு சத்தம். கைய நீட்டினா மீனு வந்து வெரல முட்டும். அந்த மாரி தூக்கம் அதுக்கப்பறம் எனக்கு வந்ததே இல்ல."

காவியா அப்புறம் என்று கேட்டாள். செந்தாமரை சொல்லிக்கொண்டே போனாள். காபி குடித்த என் மச்சானைப் பற்றி, ரங்கசாமி அண்ணன் அவளுக்குப் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லித் தொட்டிக்குப் பக்கத்தில் பல்பு மாட்டிக் கொடுத்ததைப் பற்றி. பல்பு விஷயம் எனக்கே தெரியாது. வீடு ஒழுகியதைச் சொல்லும்போது சிரிப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

குழந்தை சிணுங்கியது. இரண்டு பெண்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். நான் காதைச் சுற்றியிருந்த மஃப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, காதில் குளிர் ஏறினால் ஏறட்டும் என்று, ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து நின்றேன்.